ஹைலாண்டரும் 22 அடி ட்ரெயிலரும்: 5,000 இறாத்தலுக்குக் கீழை எண்டா காணுமோ?

மார்க்கம்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்களட்டை 2021 ரொயோட்டா ஹைலாண்டர் இருக்கு. வி6, நாலு சில்லும் இழுக்கிறது. கோடை வந்தா சாண்ட்பாங்க்ஸ், பொன் எக்கோ, அல்கொன்குவின் எண்டு கூடாரம் அடிச்சுத் தங்கிற குடும்பம் நாங்கள். இப்ப அம்மாவும் எங்களோட வந்து இருக்கிறா. முழங்கால் நோவோட அவவாலை நிலத்திலை படுத்தெழும்ப ஏலாது. சாமத்திலை டோர்ச் பிடிச்சுக்கொண்டு கழிப்பறைக்கு நடக்கவும் ஏலாது. அவவை வீட்டிலை விட்டிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. அதாலை ஒரு ட்ரெயிலர் வாங்குவம் எண்டு யோசிக்கிறம்.

போன சனிக்கிழமை ஒரு விற்பனை நிலையத்திலை 22 அடி ட்ரெயிலர் ஒண்டைப் பாத்தம். பின்னுக்குப் பிள்ளையளுக்கு இரண்டடுக்குக் கட்டில், முன்னுக்குப் பெரிய கட்டில், மேசையை இறக்கினா அம்மாவுக்கும் ஒரு படுக்கை. உள்ளுக்கே கழிப்பறை. அம்மா ஏறி அந்த மேசையடியிலை இருந்து பாத்திட்டு, "இதுவே காணும்" எண்டிட்டா. வெறும் பாரம் 3,950 இறாத்தல் எண்டு போட்டிருக்கு. ஹைலாண்டர் 5,000 இழுக்கும் எண்டு ரொயோட்டா சொல்லுது. விற்கிற ஆளும் "இன்னும் ஆயிரம் மிச்சம் கிடக்கு, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" எண்டு சொல்லுறார். மனுசிதான், "ஆரும் தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேட்டுப் போட்டு முற்பணம் கட்டுங்கோ" எண்டு நிக்கிறா.

அஞ்சு பேர் போவம். பெரும்பாலும் ஒன்ராறியோவுக்குள்ளைதான். ஒருக்கா சுப்பீரியர் ஏரிப் பக்கமும் போக ஆசை. இது சரிவருமோ?

ஸ்காபரோ சுதன் எழுதியது:

என்ர மச்சானும் ஹைலாண்டராலைதான் இழுக்கிறார். ஒரு பிரச்சினையும் இல்லை. ரொயோட்டா 5,000 எண்டு சொன்னா உண்மையிலை அதுக்கு மேலையும் இழுக்கும், கொம்பனியள் பயத்திலை குறைச்சுத்தான் எழுதுறவை. வாங்கிப்போட்டு சந்தோசமாப் போங்கோ.

18சில்லு எழுதியது:

மார்க்கம் தம்பி, முற்பணம் கட்டேல்லை எண்டா நல்லது. மனுசி சொன்னதுதான் சரி.

முதல்லை ஒரு வேலை செய்யுங்கோ. ஹைலாண்டரின்ர ட்ரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து பூட்டுப்படுற தூணைப் பாருங்கோ. ரயருக்கு எவ்வளவு காத்து எண்டு போட்ட ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டியிருக்கும். அதிலை, ஆக்களும் சாமானும் சேர்ந்து இத்தினை கிலோவுக்கு மேலை போகவே கூடாது எண்டு ஒரு வரி இருக்கும். அந்த இலக்கத்தை இஞ்சை எழுதுங்கோ. வலைத்தளத்திலை தேடி எடுக்காதேங்கோ, உங்கட காரிலை ஒட்டியிருக்கிறதை எழுதுங்கோ. ஒரே மாதிரி, ஒரே வருசக் கார் எண்டாலும் கூரைக் கண்ணாடி, மூண்டாவது வரிசை, பெரிய றிம் எண்டு கூடக்கூட அந்த இலக்கம் குறைஞ்சுகொண்டு போகும். பிறகு ட்ரெயிலரின்ர ஸ்டிக்கரிலை ஜிவிடபிள்யூஆர் எண்டு போட்டிருக்கிறதையும் பாருங்கோ. எல்லாம் ஏத்திக் கட்டினாப் பிறகு அந்த ட்ரெயிலர் ஆகக்கூடினது எவ்வளவு பாரத்திலை ஓடலாம் எண்டுறது அதுதான். கடைசியா, அஞ்சு பேரின்ர நிறையும் வேணும்.

நான் ட்ரான்ஸ்போர்ட் ஓடுறவன். 401, 400, 11, 17 எண்ட ஒன்ராறியோ நெடுஞ்சாலையள் எல்லாம் என்ர வேலைத்தலம். எங்களுக்குப் பாரம் ஏத்தினா அடுத்த வேலை ஸ்கேல்தான். முன் அச்சிலை எவ்வளவு, நடு அச்சிலை எவ்வளவு எண்டு தெரியாமல் ரோட்டிலை ஏறமாட்டம், ஏறினா அரசாங்கத்தின்ர ஸ்கேலிலை மறிச்சு வைப்பினம். குடும்பத்தை ஏத்திக்கொண்டு ட்ரெயிலர் இழுக்கிற ஆக்களை ஆரும் அப்பிடி மறிக்கிறதில்லை. அதாலை அவையள் தாங்களாத்தான் நிறுத்துப் பாக்கவேணும். லோங் வீக்கெண்ட் வெள்ளிக்கிழமை பின்னேரம் 400ஆலை வடக்கை போகேக்கை என்ர கபினுக்குள்ளை இருந்து பாத்தா ஒரே காட்சிதான். பின்பக்கம் குந்தி, மூக்கு நிமிந்து, முன் லைற் மரத்தின்ர நுனிக்கு அடிச்சுக்கொண்டு போற கார்கள். நான் பக்கத்தாலை கடக்கேக்கை என்ர ட்ரக் தள்ளுற காத்து முதல்லை ட்ரெயிலரை அங்காலை தள்ளும், பிறகு என்ர பக்கம் இழுக்கும். பாரம் பொருந்தின வண்டி ஒருக்கா அசைஞ்சிட்டு நேராகும். பொருந்தாத வண்டி வாலை ஆட்டத் தொடங்கும். உள்ளுக்குப் பிள்ளையளின்ர தலை தெரியும். அந்த நேரம் நான் வேகத்தைக் குறைச்சு அவையளை விடுறதைத் தவிர வேறை ஒண்டும் செய்யேலாது.

சுதன் தம்பி சொன்னதுக்கு ஒரு பதில். கொம்பனியள் பயத்திலை குறைச்சு எழுதுறதில்லை. அந்த 5,000 எப்பிடி வந்தது எண்டு பாருங்கோ. எஸ்ஏஇ ஜே2807 எண்டு, ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் எண்டு சோதிக்கிற பொது அளவுகோல் ஒண்டு இருக்கு. ரொயோட்டாதான் 2011 மொடல்களிலை இருந்து அதை முதல்லை கையிலை எடுத்த கொம்பனி. அதின்படி அரிசோனாவிலை டேவிஸ் டாம் ஏத்தத்திலை, ஏசியைப் போட்டுக்கொண்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழை விழாமல் ஏறவேணும். நிப்பாட்டிப் புறப்படுறது, பிறேக், ஆட்டம் எல்லாத்துக்கும் சோதனை இருக்கு. நல்ல அளவுகோல்தான், நான் மதிக்கிறன். ஆனா அந்தக் கணக்கிலை காருக்குள்ளை இருக்கிறது ட்ரைவரும் இன்னொராளும், ஆளுக்கு 150 இறாத்தல் எண்டு. உங்கட அம்மா, இரண்டு பிள்ளையள், கூலர், சைக்கிள் ஒண்டும் அந்தக் கணக்கிலை இல்லை. சில கொம்பனியள் கையேட்டிலை, இத்தினை பேர் ஏறினா இவ்வளவுதான் இழுக்கலாம் எண்டு குறைச்சுக் குறைச்சு அட்டவணையே போட்டிருக்கினம்.

இலக்கங்களைப் போடுங்கோ, கணக்குப் பாப்பம்.

மார்க்கம்வாசி எழுதியது:

அண்ணை, இவ்வளவு நேரம் எடுத்து எழுதினதுக்கு நன்றி. இரவே கீழை போய் டோர்ச் அடிச்சுப் பாத்தனான்.

கதவுத் தூணிலை: 590 கிலோ அல்லது 1,300 இறாத்தல்.

ட்ரெயிலரின்ர ஜிவிடபிள்யூஆர் 5,500 எண்டு படம் எடுத்து வச்சிருந்தன். கொளுவிப் பாரம், அதாவது ட்ரெயிலரின்ர மூக்கு காரிலை குந்துற பாரம், 430 எண்டு போட்டிருக்கு.

நான் 190, மனுசி 150, மூத்தவன் 110, சின்னவ 75, அம்மா 135.

18சில்லு எழுதியது:

சரி தம்பி, ஆறுதலாப் பாப்பம்.

முதல்லை கார். அஞ்சு பேரும் சேர்த்து 660 இறாத்தல். பின் டிக்கியிலை கூலர், உடுப்புப் பைகள், பிள்ளையளின்ர சாமான் எண்டு ஒரு 120 வைப்பம். குறைச்சுத்தான் சொல்லுறன். ட்ரெயிலரைக் காரோட கொளுவி, பாரத்தை அச்சுகளுக்குப் பங்கிடுற ஹிட்ச், அதின்ர இரண்டு கம்பி, தலைப்பகுதி எல்லாம் சேர்த்து 80. மொத்தம் 860. கார் தாங்கிறது 1,300. மிச்சம் 440.

அந்த 440க்குள்ளைதான் ட்ரெயிலரின்ர மூக்கு வந்து குந்த வேணும். இதைத்தான் கனபேர் விட்டிடுறவை. ட்ரெயிலர் தன்ர சில்லிலை நிக்குது, காருக்கு என்ன பாரம் எண்டு நினைக்கிறவை. ட்ரெயிலர் நேரா ஓட வேணும் எண்டா அதின்ர மொத்தப் பாரத்திலை 10 இலிருந்து 15 சதவீதம் கொளுவியிலை குந்தவேணும். அதுக்குக் கீழை போனா வால் ஆட்டம். அந்தப் பாரம் முழுக்க, காரிலை ஏறின இன்னொரு ஆளின்ர கணக்கு.

இப்ப ட்ரெயிலர். 3,950 எண்டுறது ஃபாக்டரியிலை இருந்து வெளிக்கிடேக்கை இருந்த வெறும் கூடு. பற்றரி பெரும்பாலும் விற்கிற இடத்திலைதான் போடுறவை, 50 வையுங்கோ. முன்னுக்கு இரண்டு காஸ் சிலிண்டர், உள்ளுக்கு நிரப்பிற காஸ் மட்டும் 40. சுடுதண்ணித் தாங்கி 22 லீற்றர், அது ஒரு 50. பிறகு எங்கட ஆக்களின்ர சாமான். அதிலை நான் ஆரையும் நம்பமாட்டன். சட்டி, பானை, அரிசி மூட்டை, மரக்கறி, தலையணை, போர்வை, கதிரை, பார்பிக்யூ அடுப்பு, பாய், தண்ணிக் குழாய், கரண்ட் வயர், ட்ரெயிலரை மட்டமா நிப்பாட்டுற கட்டைகள். 700 எண்டு வைப்பம். கூட்டினா 4,790. இன்னும் நல்லதண்ணித் தாங்கியைத் தொடேல்லை. 150 லீற்றர் நிரப்பினா அது 150 கிலோ, 330 இறாத்தல். மொத்தம் 5,120.

தண்ணி இல்லாமலே பாப்பம். 4,790இலை 13 சதவீதம் 620. உங்களட்டை மிச்சம் இருக்கிறது 440. அதோட ஹைலாண்டரின்ர கொளுவிக்கே 500 தான் எல்லை. ஆகக்குறைஞ்ச 10 சதவீதம் எண்டு வச்சாலும் 479 வருது, அதுவும் 440ஐத் தாண்டுது. விற்கிற ஆள் சொன்ன "5,000க்குக் கீழை" பொய்யில்லை. ஆனா கார் அந்த எல்லைக்குப் போக முதலே கதவுத் தூணிலை இருக்கிற எல்லையைத் தாண்டி நிக்குது. குடும்பத்தோட போற ஆக்களுக்குப் பெரும்பாலும் இப்பிடித்தான், இழுவை முடிய முதல் சுமை முடிஞ்சிடும்.

430 எண்டு எழுதியிருக்கிற கொளுவிப் பாரத்தைப் பாத்தும் ஏமாறாதேங்கோ. அது வெறும் கூட்டுக்கு. பற்றரி, காஸ் இரண்டுமே மூக்கிலைதான் இருக்கு, கட்டிலுக்குக் கீழை இருக்கிற சாமான் பெட்டியும் முன்னுக்குத்தான்.

சுமை கூடினா என்ன நடக்கும் எண்டும் சொல்லவேணும். ஊரிலை சைக்கிள் கரியரிலை மூட்டையைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினா முன் சில்லு மிதக்குமே, அதேதான். கொளுவி இருக்கிறது பின் அச்சுக்கும் பின்னாலை. போன கோடை என்ர தங்கச்சி குடும்பத்தை இதே ஹைலாண்டரோட ஸ்கேலுக்குக் கூட்டிக்கொண்டு போனனான், அந்தச் சீட்டு இப்பவும் இருக்கு. தனிக் கார்: முன் அச்சு 2,660, பின் அச்சு 2,560. ட்ரெயிலரைக் கொளுவி, பங்கிடுற கம்பி போடாமல் நிறுத்தா முன் அச்சு 2,490, பின் அச்சு 3,150. கொளுவியிலை குந்தினது 420 இறாத்தல்தான். ஆனா பின் அச்சிலை 590 கூடிட்டுது, முன் அச்சிலை 170 குறைஞ்சிட்டுது. திருப்பிற சில்லு முன்னுக்கு, கூடுதலாப் பிறேக் பிடிக்கிற சில்லும் முன்னுக்கு. மழை ரோட்டிலை அந்த 170இன்ர அருமை விளங்கும். கம்பியை இறுக்கினா முன் அச்சுக்குக் கொஞ்சம் திரும்பி வரும், அதுக்காகத்தான் அந்த ஹிட்ச். ஆனா அதைப் போட்டா கார் கூடத் தாங்கும் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. பாரத்தை இடம் மாத்தும், ஸ்டிக்கரிலை இருக்கிற இலக்கத்தை மாத்தாது. உங்கட கையேட்டிலை அந்த ஹிட்ச்சைப் பற்றி என்ன எழுதியிருக்கு எண்டும் வாசிச்சுப் போட்டு வாங்குங்கோ. சில கார்களுக்கு அதைப் போடவே கூடாது எண்டு இருக்கு.

இப்ப தலைகீழாக் கணக்குப் பாப்பம். 440ஐ 13 சதவீதத்தாலை பிரிச்சா 3,380 அளவிலை வரும். சாமான் எல்லாம் ஏத்தி 3,300இலை நிக்கிற ட்ரெயிலர்தான் உங்கட குடும்பத்துக்கும் இந்தக் காருக்கும் பொருந்தும். ஜிவிடபிள்யூஆர் 3,500 போட்ட ட்ரெயிலர்களைத் தேடுங்கோ. வெறும் பாரத்தைப் பாத்து வாங்காமல் ஜிவிடபிள்யூஆரைப் பாத்து வாங்குங்கோ. அது நிரம்பாது எண்டு இப்ப சொல்லுவியள், இரண்டாவது கோடை நிரம்பிடும்.

இன்னொண்டு, காத்து. படகு 3,500 இறாத்தலும் ட்ரெயிலர் 3,500 இறாத்தலும் இஞ்சினுக்கு ஒண்டில்லை. ட்ரெயிலர் ஒரு சுவர். முன்முகத்தின்ர அளவுக்கும் கையேட்டிலை எல்லை போட்டிருக்கிற கார்கள் இருக்கு. சுப்பீரியர் ஏரிக்குப் போற ஆசை இருக்கு எண்டு எழுதியிருக்கிறியள். சூ செயின்ற் மரிக்கு வடக்கை 17இலை மொன்றியல் ரிவர் ஏத்தம் இருக்கு. நாங்களே கியரை இறக்கி ஊர்ந்து ஏறுற இடம். கூரை தாழ்ந்த, முன்பக்கம் வளைஞ்ச ட்ரெயிலர் எண்டா அங்கை வித்தியாசம் தெரியும்.

அகிலா, ஏஜாக்ஸ் எழுதியது:

அண்ணா, 18சில்லு அண்ணை சொன்ன கணக்கை நாங்களும் போட்டுத்தான் முடிவெடுத்தம். எங்கட வான் ரொயோட்டா சியென்னா ஹைபிரிட், இழுவை 3,500. நாலு பேர், அதாலை மடிச்சு விரிக்கிற டெண்ட் ட்ரெயிலர் ஒண்டு வச்சிருக்கிறம். தாழ்வா இருக்கிறதாலை காத்து அவ்வளவாப் பிடிக்காது. ஆனா உங்கட அம்மாவுக்கு அது சரிவராது. கட்டில் உயரம், ஏறி இறங்கக் கஷ்டம், கழிப்பறையும் பெரும்பாலும் இருக்காது.

உங்களுக்கு முக்கியம் அம்மாவுக்கு ஒரு கட்டிலும் கழிப்பறையும் எண்டா, இழுக்காமலே அது கிடைக்கிற வழி இரண்டு இருக்கு. ஒண்டு, ட்ரெயிலரை வாடகைக்கு எடுக்கிறது. சொந்தக்காரரே பார்க்குக்குக் கொண்டுவந்து, மட்டம் பாத்து, தண்ணி கரண்ட் கொளுவித் தந்திட்டுப் போற ஆக்கள் இருக்கினம். என்ர மாமி வந்து நிண்ட கோடை நாங்கள் அப்பிடித்தான் செய்தம். நாங்கள் சியென்னாவிலை போய் இறங்கேக்கை ட்ரெயிலர் நிண்டது, மாமி நேரை உள்ளை போய் தேத்தண்ணி வச்சா. இரண்டாவது, தனியார் காம்ப்கிறவுண்டுகளிலை சீசனுக்கு ஒரு இடம் எடுத்து ட்ரெயிலரை அங்கையே விடுறது. வாங்கிற இடத்திலை இருந்து ஒருக்கா கொண்டுபோய் விட ஆள் பிடிச்சாக் காணும். நீங்கள் பாத்த 22 அடியையே வாங்கலாம், அம்மாவுக்கும் பிடிச்சதா இருக்கும். ஆனா ஒரே இடம்தான், கோடை முழுக்க.

வாங்கிற முடிவிலையே இருந்தா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் படி ஏறி இறங்க வைச்சுப் பாருங்கோ. சின்ன ட்ரெயிலர்களிலை கழிப்பறைக் கதவு ஒடுக்கம். முழங்கால் மடிக்க ஏலாத ஆக்கள் உள்ளை திரும்பேலாது. நாங்கள் பாத்ததிலை பாதியை மாமி அந்தக் கதவடியிலையே வேண்டாம் எண்டிட்டா.

கால்கரி குமரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான் திருச்சிக்காரன், கால்கரியில இருக்கேன். 18சில்லு அண்ணன் எழுதுனது ஒவ்வொரு வரியும் உண்மை. அடுத்து நீங்க என்ன யோசிப்பீங்கன்னு எனக்குத் தெரியும்: "அப்ப ஹைலாண்டரைக் குடுத்துட்டு ஒரு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் வாங்கிட்டா முடிஞ்சுது." அதுக்காகத்தான் எழுதறேன்.

விளம்பரத்துல 13,000 பவுண்டு இழுக்கும்னு போடுவாங்க. அது குறிப்பிட்ட இன்ஜின், குறிப்பிட்ட அச்சு விகிதம், இழுவைக்குன்னே போட்ட பேக்கேஜ் எல்லாம் சேர்ந்த ஒரு வண்டிக்கு. ஷோரூம்ல பளபளன்னு நிக்கற தோல் சீட், கூரைக் கண்ணாடி, ஃபோர் வீல் டிரைவ், தானா இறங்கற படின்னு எல்லாம் இருக்கற வண்டியோட கதவைத் திறந்து பாருங்க, சுமக்கற அளவு 1,400 பவுண்டு பக்கத்துலதான் நிக்கும். உங்க ஹைலாண்டர் 1,300. நூறு பவுண்டுக்காக எழுபதாயிரம் டாலர் குடுக்கறதா? அதே மாடல்ல சாதாரண டிரிம் எடுத்தா சுமை கணிசமா கூடும். ஷோரூம் வாசல்ல நிக்கற ஒவ்வொரு வண்டியோட கதவையும் திறந்து ஸ்டிக்கரைப் படிங்க. சேல்ஸ்மேன் கேட்டா கேட்கட்டும்.

இங்க ராக்கி மலைப் பக்கம் ஓட்டறவங்களுக்கு ஏத்தத்தைவிட இறக்கம்தான் கவலை. பிரிட்டிஷ் கொலம்பியாவுல கோக்விஹல்லா நெடுஞ்சாலையில 8 சதவீத இறக்கம் வருது. அங்க கால் பிரேக்கையே அழுத்திட்டு இறங்கினா கருகற வாசனை வந்துடும். கீழ் கியர் போட்டு இன்ஜினை இழுத்துப் பிடிக்க விட்டு, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தணும். டர்போ இல்லாத இன்ஜின் உயரம் ஏற ஏற சக்தி இழக்கும், ஆயிரம் அடிக்கு மூணு சதவீதம்னு ஒரு தோராயக் கணக்கு இருக்கு. ஒன்டாரியோவுல உங்களுக்கு அந்த உயரம் கிடையாது. ஆனா ஒருநாள் பான்ஃப் பாக்கணும்னு தோணும்ல, அப்ப ஞாபகம் வச்சுக்கங்க.

மார்க்கம்வாசி எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. கணக்கை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். 22 அடியை விட்டாச்சு. ட்ரக் வாங்கிற எண்ணமும் இல்லை, மற்ற நாளெல்லாம் அதைக்கொண்டு டவுன்ரவுண் வேலைக்குப் போய்வாறது பெரும்பாடு.

16 அடியிலை ஒண்டு பாத்து வச்சிருக்கிறம். ஜிவிடபிள்யூஆர் 3,500, ஒற்றை அச்சு. நிலையான கட்டில் அம்மாவுக்கும் சின்னவவுக்கும், மேசைக் கட்டில் எங்களுக்கு. மூத்தவன் வெளியிலை கூடாரத்திலை படுக்கிறன் எண்டு தானாச் சொன்னான், அவனுக்கு அதுதான் விருப்பம். அகிலா அக்கா சொன்ன மாதிரி நாளைக்கு அம்மாவை அந்தக் கழிப்பறைக் கதவடிக்குக் கூட்டிக்கொண்டு போறன்.

18சில்லு அண்ணை, கடைசியா மூண்டு கேள்வி. ஸ்கேலிலை எப்பிடி நிறுக்கிறது? சைக்கிள் நாலையும் ட்ரெயிலரின்ர பின் பம்பரிலை கட்டலாமோ? ட்ரெயிலரின்ர பிறேக்கைக் காரிலை இருந்து பிடிக்கிற பிறேக் கொன்றோலர் எங்கட காரிலை இல்லை, இந்தச் சின்ன ட்ரெயிலருக்கும் அது வேணுமோ?

18சில்லு எழுதியது:

நல்ல முடிவு தம்பி. மூத்தவனுக்கு என்ர பாராட்டைச் சொல்லுங்கோ.

ஸ்கேல்: 401 ஓரத்திலை ட்ரக் ஸ்டொப்புகளிலை கேட் (CAT) ஸ்கேல் எண்டு வண்டி நிறுக்கிற தராசு இருக்கு. ட்ரக்குக்கு மட்டும் எண்டில்லை, ஆரும் போகலாம். நீளமான தட்டு, அது துண்டு துண்டாப் பிரிச்சிருக்கும். காரின்ர முன் சில்லு முதல் தட்டிலை, பின் சில்லு இரண்டாவதிலை, ட்ரெயிலர் சில்லு மூண்டாவதிலை நிக்கவேணும். பயணத்துக்குப் போற மாதிரியே எல்லாம் ஏத்தி, அஞ்சு பேரும் உள்ளை இருக்க, பங்கிடுற கம்பி இருந்தா அதைக் கழட்டி வச்சு ஒருக்கா நிறுங்கோ. பிறகு ட்ரெயிலரை ஒரு பக்கத்திலை விட்டிட்டு, அதே ஆக்களோட தனிக் காரைத் திருப்பி நிறுங்கோ. கொளுவினபடி நிண்ட காரின்ர இரண்டு அச்சுப் பாரத்திலை இருந்து தனிக் காரின்ர பாரத்தைக் கழிச்சா வாறது கொளுவிப் பாரம். எல்லாத்தையும் சேர்த்த மொத்தத்திலை இருந்து தனிக் காரைக் கழிச்சா ட்ரெயிலரின்ர முழுப் பாரம். கதவுத் தூணிலை ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனி எல்லை போட்டிருக்கு, பின் அச்சின்ரயைக் கட்டாயம் ஒத்துப் பாருங்கோ. நேரம் கிடைச்சா என்னோட வாங்கோ, நானே நிண்டு காட்டுறன். ஞாயிறு காலமை ஸ்கேலிலை சனம் இல்லை.

சைக்கிள்: வேண்டாம். இதிலை நான் விட்டுக்குடுக்க மாட்டன். பின் பம்பர் ட்ரெயிலரின்ர அச்சிலை இருந்து தூரம். அங்கை நூறு இறாத்தல் தொங்கினா கொளுவியிலை இருந்து அதிலை ஒரு பெரிய பங்கைத் தூக்கிடும். ஒற்றை அச்சு எண்டா இன்னும் மோசம். பம்பர் வெல்டே அந்த ஆட்டத்தைத் தாங்காமல் வெடிக்கிறதும் உண்டு. இரண்டு சைக்கிளை ட்ரெயிலருக்குள்ளை அச்சுக்கு மேலை படுக்க வைச்சுக் கட்டுங்கோ, மற்றதை வீட்டிலை விடுங்கோ. நல்லதண்ணித் தாங்கி எங்கை இருக்கு எண்டும் குனிஞ்சு பாருங்கோ. அது அச்சுக்குப் பின்னாலை இருந்தா, நிரப்பிக்கொண்டு ஓடாதேங்கோ. பார்க்கிலை போய் நிரப்பலாம்.

வால் ஆட்டம் எப்பவாவது வந்தா காரின்ர பிறேக்கை மிதிக்கவேண்டாம், ஸ்டியரிங்கை வெட்டவும் வேண்டாம். காஸிலை இருந்து காலை எடுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சு, கொன்றோலரிலை இருக்கிற கைப்பிடியாலை ட்ரெயிலரின்ர பிறேக்கை மட்டும் அழுத்துங்கோ. அது பின்னுக்கு இழுக்க, வண்டி நேராகும். மனுசியும் ஓட்டுவா எண்டா அவவுக்கும் இதைச் சொல்லிக்குடுங்கோ. அந்தக் கைப்பிடி எங்கை இருக்கு எண்டு பாக்காமலே கை போகவேணும்.

பிறேக் கொன்றோலர்: கட்டாயம். ஒன்ராறியோவிலை ட்ரெயிலரின்ர மொத்தப் பாரம் 1,360 கிலோ, அதாவது 3,000 இறாத்தல் தொட்டா பிறேக் இருக்கவேணும் எண்டு சட்டம். உங்கட ட்ரெயிலர் அதுக்கு மேலை. அதிலை மின்சார பிறேக் இருக்கும், ஆனா காரிலை கொன்றோலர் இல்லாமல் அது வேலை செய்யாது. ஏழு முள் பிளக்கும் வேணும், நாலு முள்ளிலை லைற் மட்டும்தான் எரியும். கார் எவ்வளவு வேகமா நிக்குது எண்டு உணர்ந்து அதே அளவுக்கு ட்ரெயிலரைப் பிடிக்கிற வகைக் கொன்றோலரை வாங்குங்கோ. மிதிச்ச உடனை ஒரே அளவிலை கூட்டிக்கொண்டு போற மலிவு வகை வேண்டாம். லைசன்ஸ் உங்களுக்கு ஜி, அதாவது சாதாரண கார் லைசன்ஸ் காணும், 4,600 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குத்தான் வேறை வேணும். ஓடேக்கை ஒருத்தரும் ட்ரெயிலருக்குள்ளை இருக்கக்கூடாது. அம்மா படுத்துக்கொண்டு வாறன் எண்டு சொன்னாலும் விடாதேங்கோ.

கொன்றோலர் போட்டாப் பிறகு, சாமான் ஏத்தின ட்ரெயிலரோட ஒரு வெறும் பார்க்கிங் லொட்டுக்குப் போங்கோ. 40 கிலோமீற்றர் வேகத்திலை போய்க்கொண்டு கைப்பிடியை முழுக்க அழுத்துங்கோ. ட்ரெயிலர் சில்லு இறுகிச் சறுக்கினா அளவைக் குறையுங்கோ. இழுபடுறதே தெரியேல்லை எண்டா கூட்டுங்கோ. சறுக்கிறதுக்குக் கொஞ்சம் கீழை எங்கை நிக்குதோ அதுதான் உங்கட அளவு. ட்ரெயிலரை வெறுமையா இழுக்கேக்கை திருப்பி இதைச் செய்யவேணும், அந்த அளவு வேறை.

ரயர் காத்தை வெளிக்கிட முதல், ரயர் சூடேற முதல் பாருங்கோ. காருக்கு ஸ்டிக்கரிலை உள்ளபடி, ட்ரெயிலருக்கு அதின்ர ஸ்டிக்கரிலை உள்ளபடி. எந்த ஞாயிறு வசதி எண்டு தனிமடலிலை எழுதுங்கோ.